வலைக்காவலில் ஒரு வெடிப்பிரியர்

கிளிஞ்சல்மேட்டில் வலைகள் கிடக்கும் கரையில் வெடி வெடிக்கக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து தடை போட்டிருந்தது. கல்லூரியில் வெடியில்லாத தீபாவளிக்குப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்த எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தீபாவளி சாயங்காலமே பார்க்கப் போய்விட்டேன்.

காவலிருந்தவர் தோளில் நனைத்த சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. தலை அண்ணாந்தே இருந்தது. டவுன் பக்கம் ராக்கெட் ஏறும்போதெல்லாம் சப்புக்கொட்டினார்.

“பண்டிகை அன்னிக்குப் போய் காவல் போட்டுட்டாங்களாண்ணே?”

“நானாத்தான் கேட்டு வாங்கினேன், தங்கச்சி. இங்கேருந்து பாத்தா டவுன் வாணம் பூரா தெரியும். எனக்கு வெடின்னா உசுரு.”

“அப்ப தடை வேணாம்னு சொன்னீங்களா?”

“போடச் சொன்னதே நாந்தான். ஒரு பொறி பட்டா நைலான் வலை உருகிடும். என் வலையும் இங்கதான கெடக்கு.”

அந்நேரம் தெருப்பக்கமிருந்து ஒரு ராக்கெட் காற்றில் விலகி வந்து வலைக் குவியலில் விழுந்தது. பாய்ந்து சாக்கைப் போட்டு அமுக்கினார். பிறகு மெல்லத் தூக்கிப் பார்த்தார். வலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கருகிய குச்சியைக் கையிலெடுத்தார்.

“நல்லா ஏறுச்சு, பாத்தீங்களா?” என்றார்.

அவரை எங்கள் கட்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். வெடிக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா, தெரியவில்லை.