பெயர் போடாத செய்தி

காசிம் நானா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தியை, லிந்துலையிலிருந்து பாண் ரொட்டி கொண்டுவருபவர்தான் காலையில் சொன்னார். நான் ஜனாஸா நல்லடக்கத்துக்குப் போனபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்கள் எனக்கு முன்பே அங்கே நின்றார்கள். அவரை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறுவார். வழியில் என் பள்ளிக்கூடத்தில் ஒரு தேத்தண்ணி. “இந்த மலைய ஏறி முடிக்கிறதுக்குள்ள சேலைக்கே வயசாயிருது மாஸ்டர்” என்பார்.

ஒருமுறை, கொழுந்து பறிக்கும் பாக்கியத்தின் மகளைக் காணவில்லை. யாரோ எதையோ சொல்ல, ‘முஸ்லிம் துணி வியாபாரி கடத்தினாரா?’ என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. அன்று தோட்டத்துக்கு வந்த நானாவை இளைஞர்கள் அடித்துவிட்டார்கள். சேலைகள் சேற்றில் கிடந்தன. சிறுமியோ தாயோடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறி, டயகமவில் சித்தி வீட்டில் இருந்தாள்.

வீங்கிய முகத்தோடு நானா ஹட்டனுக்குப் போய் நிருபரைப் பார்த்தார். பாக்கியமும் நானும் கூடப் போனோம்.

“ஜனங்க சொன்னதத்தான் எழுதினேன். ஒங்க பேரப் போடலையே” என்றார் நிருபர்.

“போட்டிருக்கலாமே ஐயா. நான் ஒருத்தன் அடி வாங்கியிருப்பேன். நீங்க முஸ்லிம்னு போட்டீங்க. அக்கரப்பத்தனையில அத்தர் விக்கிற கெழவரயும் தொரத்தியிருக்காங்க.”

பாக்கியம் குறுக்கிட்டாள். “எம்புள்ள கெடச்சிட்டா. அதையும் அதே பெரிய எழுத்துல போடுங்க.”

பிறகு ஒரு மூலையில் ‘சிறுமி மீட்பு’ என்று இரண்டு வரி வந்தது. வியாபாரியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நானா எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். தீபாவளி நெருங்கியபோது பாக்கியம் மகளோடு அவர் வீட்டுக்கே போனாள். “நீங்க வராம லயத்துல யாரும் சேல எடுக்கல நானா. வாங்க.”

வந்தார். அடித்தவர்களிடமும் சிரித்தே பேசினார். ஆனால் முன்பெல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மிட்டாயை மட்டும் கொண்டுவரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“பயமாயிருக்கு மாஸ்டர்” என்றார்.

அதற்குப் பின் அவர் எந்தப் பிள்ளைக்கும் மிட்டாய் கொடுத்து நான் பார்க்கவில்லை.

செய்தித்தாளில் பெயரில்லாமல் ஒரு ‘முஸ்லிம்’ வரும்போதெல்லாம், ‘இவர் பெயர் என்ன? இவருக்காகக் காத்திருப்பவர்கள் யார்?’ என்று கேட்டுக்கொள்கிறேன். நானா எனக்கு விட்டுச்சென்றது அந்தக் கேள்வியைத்தான். பனி இறங்கும் பிற்பகல்களில் என் கண், நானா மூட்டையோடு ஏறிவரும் பாதை வளைவுக்குத் தானாகப் போகிறது. அங்கே யாரும் வருவதில்லை.