இராட்சத வருடத்து மாசி

புங்குடுதீவு மடத்துவெளியில் எங்களுக்குச் சரித்திரமும் குடியியலும் படிப்பித்தவர் நாகபூசணி ரீச்சர். பாடப்புத்தகத்தை அவர் திறந்தது குறைவு. “வீட்டில கிடக்கிற பழைய கடதாசி ஏதாவது கொண்டு வாங்கோ. காணி உறுதி மட்டும் வேண்டாம், கொப்பர்மார் என்னை உயிரோடை விடாயினம்” என்பார். நயினாதீவு வள்ளப் பயணத் துண்டு, அரிசிக் கூப்பன் மட்டை, கோயில் நோட்டீஸ், தபாலட்டை என்று மேசை நிறைந்துவிடும். நாலு பேருக்கு ஒரு கடதாசி. அதை வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். எழுதினது ஆர்? எப்ப எழுதினது? கண்டு எழுதினதோ, கேட்டு எழுதினதோ?

ஒருமுறை, தெற்கில் கடை வைத்திருந்த ஒருவர் வீட்டுக்கு எழுதிய தபாலட்டை வந்தது. “இங்கு யாவரும் நலம். ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.” அந்தக் கடை எரிந்துபோனது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“பொய் எழுதியிருக்கிறார் ரீச்சர்.”

“திகதியைப் பாருங்கோ.”

1983 யூலை 20. கலவரத்துக்குச் சில நாள் முன்பு.

“எழுதின அண்டைக்கு அது உண்மை” என்றார் ரீச்சர். எங்களுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. கையிலிருந்த கடதாசிகளில் எல்லோரும் திகதி தேடத் தொடங்கினோம்.

ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் பள்ளி அதிபர் விநாயகமூர்த்தி மாஸ்ரர் வகுப்பு வாசலில் நின்றே கேட்டார். “ரீச்சர், இது பள்ளிக்கூடமோ, பழைய பேப்பர் கடையோ?”

“கடையெண்டால் நான் எப்பவோ மாடிவீடு கட்டியிருப்பன் மாஸ்ரர்.”

1986இல் நாங்கள் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் சோதனைக்குப் போகக்கூடிய கெட்டிக்காரி மனோகரி. அவளுடைய விண்ணப்பம்தான் திரும்பி வந்தது. பதினொரு வயது முடிந்த பிள்ளை எழுத ஏலாது என்று கல்விக் கந்தோர் குறித்திருந்தது.

மனோகரியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கலவரத்தில் தகப்பனாரின் கடையோடு எரிந்துபோனது. இறுப்பிட்டிச் சாத்திரியார் எழுதின சாதகம் மட்டும் ஊர்வீட்டில் தப்பியிருந்தது. ‘இராட்சத வருடம், மாசி மாதம், பத்தாம் நாள்’ என்று அதில் இருந்தது. இங்கிலிஷ் திகதி இல்லை. தகப்பன் பரராசசிங்கம் அதைப் பார்த்து 1975 பெப்ரவரி என்று சத்தியக்கடதாசி முடித்திருந்தார். “இவளுக்குப் பத்துத்தான்” என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தார். அதிபர் கையை விரித்தார். “வாய்ச்சொல்லுக் காணாது. கடதாசியில பதினொண்டு எண்டெல்லோ கிடக்கு.”

அடுத்த நாள் ரீச்சர் அந்தச் சாதகத்தை வகுப்பின் நடுவில் வைத்தார். இடைவேளையில் “இராட்சதி” என்று மனோகரியைப் பகிடி பண்ணியது வேறு கதை. ஆனால் கடதாசிக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த தவமலர் திடீரென்று கத்தினாள்.

“ரீச்சர், இதிலயும் இராட்சதன் நிக்கிறார்!”

அவள் கையில் இருந்தது அவளுடைய பாட்டனாரின் கல்வெட்டு. செத்தவீட்டின் முப்பத்தோராம் நாள் அடித்துக் கொடுக்கும் சின்னப் புத்தகம் அது. இறந்த வருடம், மாதம், திதி எல்லாவற்றையும் உள்ளே ஒரு வெண்பாவில் பாடியிருப்பார்கள். இந்த வெண்பாவில் இராட்சத வருடம், மாசி மாதம். அட்டையிலோ ‘மறைவு: 24.02.1976’.

ரீச்சர் அதை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். பிறகு எங்களை விரல் விட்டு எண்ணச் சொன்னார். இராட்சத வருடம் பிறந்த சித்திரையில் 1975. வைகாசி, ஆனி, ஆடி... மார்கழி நடுவில் யாரோ “எழுபத்தாறு!” என்று கத்தினான். தமிழ் வருடம் அதே வருடம்தான்; இங்கிலிஷ் வருடம் இடையில் மாறிவிட்டது. மாசி வந்தபோது 1976.

“சாதகத்தை நானும் பார்த்தனான். விண்ணப்பத்தில எழுபத்தைஞ்சு எண்டு நிரப்பினதும் என்ரை கைதான்” என்றார் ரீச்சர். கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: ‘பிழை விட்டவர் – நாகபூசணி’. அன்று முழுவதும் அதை அழிக்க விடவில்லை. மனிதர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டானது அப்படித்தான்.

பரராசசிங்கம் மசியவில்லை. “ஒருக்காச் சத்தியம் பண்ணினதை மாத்தினால் என்னைப் பொய்யன் எண்டெல்லோ சொல்லுவினம் ரீச்சர்?”

“அண்ணை, தெரியாமல் எழுதினது பிழை. தெரிஞ்ச பிறகும் விட்டால்தான் பொய். வாங்கோ, நானும் வாறன்.”

சமாதான நீதவானிடம் புதுச் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு, பஸ் ஓடிய ஒரு நாள் மனோகரியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகக் கல்விக் கந்தோருக்குப் போனார்கள். அங்கே நடந்ததை நான் காணவில்லை. மனோகரி இப்போது தொலைபேசியில் சொன்னது இது. சரிதானா என்று மூன்று தடவை கேட்டு அவளைக் களைக்க வைத்துவிட்டேன்.

கிளாக்கர் கல்வெட்டைப் பார்த்துச் சிரித்தாராம். “ரீச்சர், முப்பது வருசமாய்க் கந்தோரில இருக்கிறன். பிறந்த திகதி காட்டச் செத்தவீட்டுப் புத்தகம் கொண்டு வந்தது நீங்கள்தான்.”

“செத்தவர் பொய் சொல்லமாட்டார். பிள்ளையைக் கேளுங்கோ, விளங்கப்படுத்துவா.”

மனோகரி மேசை விளிம்பில் விரலை வைத்துச் சித்திரையிலிருந்து எண்ணினாள். மார்கழிக்கு வந்தபோது கிளாக்கரும் கூட எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு பேனையை எடுத்து 1975ஐ வெட்டி 1976 என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தார். “இந்தப் பிழையோடை இன்னும் எத்தினை விண்ணப்பம் திரும்பிப் போச்சோ” என்று மற்ற விண்ணப்பக் கட்டையும் இழுத்தாராம்.

மூன்று கிழமையில் சோதனைக்கான அனுமதி அட்டை வந்தது. பரராசசிங்கம் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்; பிறகு நேரே அலுமாரியைத் திறந்து உள்ளே வைத்துத் திறப்பைத் திருப்பிப் பூட்டினார்.

“அப்பா, அது சோதனைக்குக் கொண்டு போகவேணும்.”

“எண்டைக்கு?”

“சனிக்கிழமை.”

“சனிக்கிழமை விடியத் தாறன்” என்றார் அவர். “அதுமட்டும் இதிலயே இருக்கட்டும்.”

சனிக்கிழமை விடிய அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, திறப்பும் கையுமாக அவரே பள்ளிக்கூட வாசல்வரை வந்தார்.