பூண்டி மேட்டில் ட்ரோன் காட்டிக்கொடுத்த இடம்

இப்படி நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ட்ரோனுக்குப் பதிவு எண் கேட்டபோதே, "இன்னைக்கு நம்பரக் கேப்பாங்க, நாளைக்கு நிக்கிற எடத்தக் கேப்பாங்க" என்று பழனி பேருந்து நிலையத்தில் பேசினேன். அதைக் கேட்டு முடிக்கவே ஒரு பஸ் தாமதமாகக் கிளம்பியது.

போன மாதம் என் அக்கா மகள் செல்விக்குப் பூண்டியில் வேலை வந்தது. வெள்ளைப்பூண்டுத் தோட்டங்களை மேலிருந்து படம் எடுத்துத் தரச் சொல்லி விவசாயிகள் கேட்டிருந்தார்கள். ட்ரோன் ஓட்ட அவளிடம் உரிமம் உண்டு; துணைக்கு நான். விடிகாலை ஐந்தரைக்குப் பழனியில் பஸ் ஏறினால் எட்டரைக்குக் கொடைக்கானல், அறுபத்து நான்கு கிலோமீட்டர். அங்கிருந்து பூண்டிக்கு நாற்பது. ஜீப் ஓட்டுநர் சாகுல் மூவாயிரம் கேட்டார். என் மீசையைப் பார்த்ததும் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றார்.

முதல் நாள் செல்வி மேட்டில் தனியாக நின்று ட்ரோனை ஏற்றினாள். நானும் சாகுலும் கீழே டீக்கடையில் இருந்தோம். பத்தே நிமிடம், சுற்றுலா வந்த எவனோ பைக்கில் நேராக அவளிடம் போய் நின்று சிரித்திருக்கிறான். அவன் போனில் ஒரு வரைபடம். அதில் ட்ரோன் ஒரு புள்ளி, இவள் ஒரு புள்ளி. அந்த ட்ரோன் பறக்கும்போதே தன் அடையாளத்தோடு, ரிமோட் பிடித்தவர் நிற்கும் இடத்தையும் ஊருக்கே சொல்லுமாம். செயலி இருந்தால் யாரும் பார்க்கலாமாம்!

மறுநாள் இரண்டு மலை தள்ளிப் போனோம். செல்வி என் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டாள். ஜீப்பைக் கேரட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தோம். ஒளிந்து என்ன பயன்? ட்ரோன் ஏறியதும் வந்துவிட்டான்.

"என்ன மேடம், இன்னைக்கு இங்கயா? தங்குறது எங்க?"

"ஏலே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் பைக் தானாகவே ஸ்டார்ட் ஆகி ஓடியது.

செல்வி ட்ரோனைக் கீழே இறக்கினாள். "பாதித் தோட்டம் பாக்கி கெடக்கு மாமா. ஏத்துனா அவன் வந்துருவான், ஏத்தலைன்னா சோலி போயிரும்."

சாகுல் சும்மா இருக்கவில்லை. "என் வண்டி நம்பரும்தாண்ணே எல்லாருக்கும் தெரியுது."

"தெரியட்டும். நீ இப்ப எந்தக் கடையில டீ குடிக்கிறேன்னு அந்த நம்பர் சொல்லுமா?"

நீங்களே சொல்லுங்கள். ட்ரோன் யாருடையது என்று அரசுக்குத் தெரிய வேண்டும், சரி. தப்பு செய்தால் போலீஸ் வரட்டும். ஓட்டுகிறவர் நிற்கும் இடம் பைக்கில் வருகிறவனுக்கெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும்? இதை எல்லா ட்ரோனுக்கும் கட்டாயமாக்கலாம் என்று யோசிக்கும் அதிகாரிகள், தங்கள் வீட்டுப் பெண்ணை ஒரு நாள் அந்த மேட்டில் தனியாக நிறுத்திப் பார்க்கட்டும்.

போகிறவர்கள் கம்பளியும் கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். பறக்கவிட அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். ஓட்டுவது பெண் என்றால் டீக்கடையில் உட்காராமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பூண்டி என்றது நானாகச் சேர்த்தது. அவள் நின்ற மேடு வேறு ஊரில் இருக்கிறது. பாக்கித் தோட்டத்தை முடிக்க நாளை மறுபடி போகிறோம். எங்கே என்று அந்த ட்ரோன் சொல்லிவிடும். நான் சொல்ல மாட்டேன்.