கடல்கட்டி வம்சத்தில் பிறந்த கதை

சொறிமீன் பட்ட தொடையில் வினாகிரி ஊற்றும்போது எழுகிற வாடை, எந்த ஊறுகாய் ஜாடியைத் திறந்தாலும் இன்றைக்கும் என் மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே அந்த மானக்கேட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினோரு வயதில், தூத்துக்குடிக் கடற்கரையில், எங்கள் தெருப் பிள்ளைகள் முப்பது பேர் வரிசையாக நின்று பார்க்க, நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வலக்கையை உயர்த்தி, கண்ணுக்கெட்டிய தூரம்வரை உள்ள சுறாக்கள் எல்லாம் உடனே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டேன். சுறாக்கள் கீழ்ப்படிந்தன. அந்தக் கரையோரத்தில் சுறா வந்ததே கிடையாது என்ற ஆட்சேபத்தை அப்போது யாரும் எழுப்பவில்லை. ஆனால் நுங்கு மாதிரி மிதந்து வந்த ஒரு ‘சொறி’க்கு, அதாவது ஜெல்லி மீனுக்கு, என் உத்தரவு எட்டவில்லை போலிருக்கிறது, அது என் தொடையைத் தழுவிக்கொண்டு போயிற்று. அலறிய அலறலில் உப்பளத்தில் வேலை செய்தவர்கள்கூட ஓடி வந்தார்கள். வீட்டில் கொண்டுபோய்ப் போட்டதும் அம்மா வினாகிரிப் போத்தலோடு வந்து, “ராசா வம்சம் காலக் காட்டுங்க” என்றாள்.

அம்மாவின் அந்தப் பேச்சுக்கு விளக்கம் வேண்டும். முத்துச் சலாபம் நடந்த காலத்தில், அதாவது சர்க்கார் நாள் குறித்து, நூற்றுக்கணக்கான படகுகள் போய், கடலடிப் பாறைத் திட்டுகளில் சிப்பி எடுத்த காலத்தில், ‘கடல்கட்டி’ என்று ஒருவர் உண்டு. முக்குளிப்பவர்கள் அடியில் இருக்கும்வரை அவர் கரையில் நின்று மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டி வைத்திருப்பார். சலாபம் முடியும்வரை அவர் கடலில் கால் வைக்கக்கூடாது. கடலோரத்தில் கால் நனையாமல் பார்க்கக்கூடிய ஒரே உத்தியோகம் அதுதான். சர்க்கார் அந்தப் பதவியை எப்போதோ எடுத்துவிட்டதாம். ஆனால் கடல்கட்டி நிற்கவில்லை என்றால் ஒருவனும் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டான். எனவே ஊரே ஓர் ஆளை நிறுத்திக்கொள்ளும். அந்த ஆள், முன்பு அந்தப் பதவியில் இருந்த மனுவேல் கடல்கட்டியின் வம்சத்தில் வந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த வம்சம் நாங்கள்தான் என்பது எங்கள் வீட்டு விதி. அப்பாவின் பாட்டனார் தொம்மை, மனுவேல் கடல்கட்டியின் பிள்ளை என்று சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். கருவாட்டுக் கடை லாசர் அண்ணாச்சியோ அந்த வம்சம் தாம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெகு வருஷமாகச் சலாபம் நடக்காததால் இந்த வழக்கால் யாருக்கும் நஷ்டம் இல்லாமல் இருந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ‘பங்குனியில் சலாபம் உண்டு’ என்று துறைமுகம் முழுக்க ஒரு பேச்சுக் கிளம்பிற்று. அப்பா கொழும்புக்கு ஓடும் தோணியில் தண்டல். அதாவது கப்பல் என்றால் கேப்டன் என்பார்களே, தோணிக்கு அது. வெங்காயமும் கூரை ஓடும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற, பேச்சுக் குறைந்த மனிதர். இந்தப் பேச்சு வந்ததிலிருந்து அவர் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் தம் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்க்க ஆரம்பித்தார். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த அவர் தம்பி, சூசைச் சித்தப்பாவை அழைத்து, “கோயில் புத்தகத்தப் பாத்து வம்சாவளிய எழுதிக் கொண்டா. லாசர் வாய அடைக்கணும்” என்றார். எங்கள் பங்குக் கோயிலில் பல தலைமுறையின் ஞானஸ்நானப் பதிவேடுகள் ஒரு தேக்கு அலமாரியில் இருந்தன. பறங்கி எழுத்து. எங்கள் குடும்பத்தில் அதைப் படிக்கக் கூடியவர் சித்தப்பா ஒருவர்தான்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து போனவர் மத்தியானம் திரும்பினார். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். “மனுவேல் கடல்கட்டி பேரு புத்தகத்துல இருக்கு. என் கண்ணால பாத்தேன்” என்றார் சித்தப்பா. அப்பா உள்ளே போய், சீலா மீன் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்துத் தம்பிக்கு வைக்கச் சொன்னார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டனார் வந்தார். மனுவேலின் தகப்பனார், அவர் தகப்பனார் என்று, ஆபீஸ் முழுநீளக் காகிதத்தில், சித்தப்பாவின் முத்து முத்தான கையெழுத்தில், மேல்நோக்கி வம்சம் வளர்ந்தது. நான் சித்தப்பாவின் வால். ஒரு சனிக்கிழமை மாலை அவரோடு சைக்கிளில் போகும்போது, நம் பாட்டன்மார்களில் ஒற்றைக்கண்ணர் ஒருவர்கூட இல்லையே என்று குறைப்பட்டேன். மறுநாள் வந்த பாட்டனாருக்குத் திருக்கை முள் குத்தி இடது கண் போயிருந்தது. இன்னொரு வாரம், யாராவது சுறாவோடு நேருக்கு நேர் நின்றிருக்க வேண்டுமே என்றேன். அடுத்த ஞாயிறு ஒருவர் நின்றார். பதிவேடு என் மனதைப் படிக்கிறது என்று புல்லரித்துப் போனேனே தவிர, என் மனதைப் படிப்பது சித்தப்பா என்பது தோன்றவில்லை. என் அறிவைப் பற்றி இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை. கடலில் இறங்கிச் சுறாக்களுக்கு உத்தரவிட்டது இந்தச் சமயத்தில்தான்.

ஆறாவது பாட்டனார் வந்த வாரம், நான் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயிற்பிள்ளை எண்ணெயை வாங்கிக்கொண்டே கேட்டார்: “ஏலே, எங்கன ஒங்க சித்தப்பன அலமாரிப் பக்கமே காணோம்? ஒரே ஒரு ஞாயித்துக்கெழம வந்து புத்தகத்தப் பாத்தான். பேயறஞ்ச மாதிரி வெளிய வந்தான். அதுக்கப்பறம் அந்த அலமாரிய நான் தொறக்கவே இல்ல.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சித்தப்பாவைப் பின்தொடர்ந்தேன். அவர் கோயில் அலமாரிப் பக்கம் திரும்பாமல் நேராகக் கடற்கரைச் சாலை காப்பிக் கிளப்புக்குப் போனார். மூலை மேஜையில் காகிதத்தை விரித்து, பென்சிலைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் திடுக்கிடுவார், காகிதத்தை மறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

“வந்துட்டியா, உக்காரு. ஏழாவது பாட்டன் என்ன செய்யட்டும்? எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு.”

அப்படியானால் மனுவேல் கடல்கட்டியும் பொய்யா என்று கேட்டேன்.

“அவரு மெய்தான். புத்தகத்துல இருக்காரு. நம்ம தொம்மைக்கு அவரு ஞானத்தகப்பன்லே. பெத்த தகப்பன் இல்ல.”

எங்கள் கரையில் ஞானஸ்நானத்துக்குக் கைப்பிடிக்கிற ஞானத்தகப்பன், தம் குடும்பப் பெயரையே பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். இரண்டு தலைமுறை போனால் பெயர் மட்டும் மிஞ்சும், கொடுத்தவர் பெற்றவராகிவிடுவார். பெரிய மனிதர் வீட்டுப் பெயரைச் சுமக்கிற பாதிப்பேரின் கதை எங்கள் ஊரில் இதுதான். ஆனால் அவரவர் வீட்டில் மட்டும் அது வேறு கதை என்று நம்புவதும் வழக்கம்.

“அப்பம் நாம யாரு?”

“ஓட்டப்பிடாரத்துப் பக்கம் பனங்காடு. ஏதோ பஞ்சத்துல தாயும் பிள்ளையுமா நடந்து வந்திருக்காங்க. அதயும் புத்தகத்துல எழுதித்தான் வச்சிருக்கான். அதத் தலகீழாப் படிச்சுப் பாத்தேன், மாறல.” சித்தப்பா காப்பியை ஆற்றினார். “அன்னைக்கு வீட்டுக்கு வாரேன், அண்ணன் வாசல்ல நிக்காரு. அந்த மொகத்தப் பாத்துட்டு எப்படிலே சொல்லச் சொல்லுத? நீயும் சொல்லாண்டாம். சலாபம் ஒண்ணும் நடக்கப் போறதில்ல. தன்னால அடங்கிப் போவும்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்கும். எனக்கோ, தெருவில் பம்பரத்துக்கும் கோலிக்கும் முதல் ஆட்டம் என்னுடையதாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. லாசர் அண்ணாச்சியின் பேரன்கூட எனக்கு வழிவிட்டு நின்றான். சித்தப்பா என்னை ஏமாற்றிவிட்டார் என்று நெஞ்சு கொதித்தது. கொதித்துக்கொண்டே, ஏழாவது பாட்டனார் லிஸ்போவாவுக்குக் கப்பலேறிப் போய்ப் போர்த்துக்கல் ராஜாவைப் பார்க்கட்டும் என்றேன். சித்தப்பா சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம் அப்பா தோணி வேலையை விட்டார். கடல்கட்டி கடலில் கால் வைக்கக்கூடாது என்பதால், சலாபம் முடிகிறவரை கொழும்புக்கு வர இயலாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். முதலாளி அன்று மாலையே வேறு தண்டலை ஏற்றிவிட்டார். தோணி புறப்பட்ட காலையில் அப்பா கரையில், தண்ணீருக்கு நாலு முழம் தள்ளி, செருப்புப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை.

லாசர் அண்ணாச்சி காகிதத்தை ஒப்பவில்லை; புத்தகத்தையே திறக்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் பங்களாவில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் கூடினார்கள். அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தார். பங்குச்சாமியார் வயதானவர். “சுறாவின் வாயைக் கட்டுவது சர்வேசுரனுடைய வேலை. புத்தகத்தைத் திறப்பது மட்டும்தான் என் வேலை” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். தொம்மை, வயது ஏறத்தாழ எட்டு. பனங்காட்டிலிருந்து வந்தவன். தகப்பன் பெயர் தெரியவில்லை. ஞானத்தகப்பன் மனுவேல் கடல்கட்டி. அடுத்த பக்கத்தைப் புரட்டி, மனுவேலின் சொந்தப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றதையும் படித்தார். அது லாசர் அண்ணாச்சியின் பாட்டனார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. லாசர் அண்ணாச்சி அப்பாவின் தோளில் கை வைத்து, “அதுக்கென்ன வே, ஞானப்பிள்ளைன்னாலும் எங்க வீட்டுப் பிள்ளதான. வாரும், காப்பி குடிப்போம்” என்றார். இத்தனை பெருந்தன்மையை என் வாழ்நாளில் வேறு யாரும் யாரிடமும் காட்டி நான் பார்த்ததில்லை; அவர் காட்டாமலிருந்திருக்கலாம்.

வெளியே வந்ததும் அப்பா சித்தப்பாவிடம், “ஒனக்கு எப்பத் தெரியும்?” என்றார்.

“மொத ஞாயித்துக்கெழம” என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்து.

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஒனக்கு?”

சித்தப்பா தலையைத் தூக்கி, “அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். என்னைப் பொறுத்தமட்டில் அவர் சொன்ன கடைசிப் பொய் அதுதான். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார்.

சலாபம் நடக்கவில்லை. சோதனைப் படகு போய்ப் பார்த்ததில் சிப்பி முற்றவில்லை என்றார்கள். லாசர் அண்ணாச்சிக்கும் கட்டுவதற்குச் சுறா கிடைக்கவில்லை. அப்பா தாம் தண்டலாக இருந்த அதே தோணியில், தம்மிடம் வேலை பழகியவனுக்குக் கீழே, பாய் இழுக்கும் ஆளாக மூன்று வருஷம் போனார். சித்தப்பா கொழும்பில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். அவருடைய கிறிஸ்துமஸ் கடிதங்களை அப்பா பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பார். சித்தப்பா எங்களை ஏமாற்றிவிட்டார் என்று நானும் கேட்பவர்களிடமெல்லாம் வெகுகாலம் சொல்லிவந்தேன். ‘எங்களை’ என்பதில் என்னையும் சேர்த்து.

இப்போது அங்கே பாய் கட்டிய தோணிகள் இல்லை. இயந்திரம் வைத்தவை சில நிற்கின்றன. பெரிய கப்பல்கள் தெற்கே புதுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. காப்பிக் கிளப்பு இருந்த இடத்தில் ஐஸ் பாக்டரி இருக்கிறது. சலாபம் என்றால் என் மகள் அது ஏதோ காய்ச்சலின் பெயர் என்று நினைக்கிறாள். தேக்கு அலமாரியைப் போன வருஷம் போய்ப் பார்த்தேன். தொம்மை இருந்த பக்கமும் மனுவேலின் பிள்ளை இருந்த பக்கமும் வித்தியாசம் பாராட்டாமல் கரையானுக்குப் போயிருந்தன. இனி யார் வேண்டுமானாலும் யாருடைய வம்சமும் ஆகலாம்.

சித்தப்பா செத்துப்போன செய்தி கொழும்பிலிருந்து வந்தபோது, எண்பதைத் தாண்டிய அப்பா என் வீட்டில்தான் இருந்தார். தந்தியைப் படித்துக் காட்டிவிட்டு, நாற்பது வருஷம் தேக்கி வைத்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன்: எனக்கும் தெரியும், நீங்கள் தோணியை விடுவதற்கு முன்பே தெரியும், நான் வாயைத் திறந்திருந்தால் தோணி உங்கள் கையில் இருந்திருக்கும். அப்பா தந்தியை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நீ சொல்லியிருந்தா மட்டும் நான் நம்பியிருக்கவா போறேன்?” என்றார். “வாரத்துக்கு நாலு பொய் சொன்ன பய நீ.”