மூன்றாம் பெஞ்சின் மூக்குக்கண்ணாடி

போதகருக்குக் குரல் உண்டு, வசனங்கள் நாக்கு நுனியில் உண்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. அதற்குத்தான் மூன்றாம் பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், போதும், முடியுங்கள் என்று அர்த்தம். சபையார் வாரா வாரம் வேளைக்கு வீடு போய்ச் சேருவது அந்தக் கண்ணாடியின் புண்ணியத்தில்தான்.

போன ஞாயிறு வம்பு வந்தது. மன்னிப்பைப் பற்றிப் பேசியவர், "எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி, இரவல் போன குக்கர் திரும்பி வரலன்னு சொந்த அக்காகிட்டயே ரெண்டு வருஷம் பேசல" என்று எடுத்துவிட்டார். போதகருக்குத் தெரிந்த சகோதரி யார் என்று சபைக்கே தெரியும். அத்தனை தலையும் மூன்றாம் பெஞ்சுப் பக்கம் திரும்பியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், வாசலில் முன் பெஞ்சுத் தையல்காரர் வேறு, "குக்கர் வந்துடுச்சாம்மா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

வீட்டுக்கு வந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவை நான் உங்க பிரசங்கத்துல வந்தேன்னா, அந்தப் பெஞ்சுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

"பேரு சொல்லலையேம்மா."

"அது ஒண்ணுதான் பாக்கி."

போதகருக்கு அது லேசான மிரட்டல் இல்லை. நிறுத்த ஆளில்லை என்பது மட்டுமா? கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த ஒரு முகத்தைப் பார்த்துத்தான் பிரசங்கம் செய்கிறார். மற்றவர்கள் கூட இருந்து கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அவள் இல்லாத சபையில் அவருக்கு வாயே திறக்காது.

போதாத காலம், இந்த வாரத் தலைப்பு பொறுமை. செவ்வாய்க்கிழமை காகிதத்தை விரித்து, பொறுமைக்கு ஓர் உதாரணம் என்று பேனாவை ஊன்றினார். மனைவிதான் வந்து நின்றாள். அடித்தார். சரி, பொறுமை இல்லாமைக்கு ஒன்று என்று ஊன்றினார். அதற்கும் அவளே வந்தாள். அதையும் அடித்தார். வியாழக்கிழமை வெட்கத்தை விட்டுத் தையல்காரரிடமே போய் ஓர் உதாரணம் கேட்டார்.

"என்னையே சொல்லுங்களேன் ஐயா," என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி. "இத்தனை வருஷமா முன் பெஞ்சுல உக்காந்து கேக்குறேன்ல?"

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்கக் கிளம்பினார். ஸ்கூட்டர் சாவியைக் காணோம். "இந்த வீட்டுல வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கா?" என்று காட்டுக்கத்தலாகக் கத்தினார். மேஜைமேல் பொறுமையைப் பற்றிய குறிப்பு படபடத்துக்கொண்டிருந்தது. மனைவி மெத்தையைத் தூக்கினாள், கட்டிலுக்கடியில் தவழ்ந்தாள், குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவள் குப்பையைக் கூட்டி அள்ளினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஞாயிறு, வசனம் வாசித்து முடித்ததும் போதகர் தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரு..."

அத்தனை தலையும் திரும்பியது. அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"...சகோதரர்," என்றார் போதகர்.

திரும்பிய தலைகளுக்கு இனி எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நேத்து ஒரு சாவிக்காக வீட்டையே ரெண்டாக்கிட்டாரு. சாவி அவரு சட்டைப்பையிலதான் இருந்துச்சு. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு மனசு வரல. பிரசங்கம் பண்ண மட்டும் நல்லா வாய் வருது. அந்த மனுஷன் இப்பச் சொல்றாரு, தப்புதாம்மா. போன வாரக் குக்கருக்கும் சேத்து."

மூன்றாம் பெஞ்சில் கண்ணாடி கழன்றது.

குறிப்பில் இன்னும் முக்கால்வாசி பாக்கி. ஆனாலும் கழற்றினால் கழற்றியதுதான். "ஜெபிப்போம்" என்று போதகர் கண்ணை மூடிக்கொண்டார். சபை திகைத்துப்போய் எழுந்து நின்றது.

வாசலில் ஆளாளுக்குக் கையைப் பிடித்து, இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதே இல்லை என்றார்கள். எதனால் என்று போதகர் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்கூட்டர் அருகில் போய்ச் சட்டைப்பையைத் துழாவினார்.

"சாவி என்கிட்ட இருக்கு, கத்தாதீங்க," என்று மனைவி எடுத்து நீட்டினாள்.

"ஆரம்பிச்ச உடனே கழட்டிட்டியேம்மா. அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"கண்ணத் தொடைக்கக் கழட்டினேங்க. நீங்க பாட்டுக்கு ஆமென் சொல்லிட்டீங்க." பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "மிச்சத்த வீட்டுல சொல்லுங்க, கேக்குறேன்."