பட்டறையின் குறுக்குச் சுவர்

அப்பாவுக்கு அரசாங்கம் என்றாலே ஆகாது. காலையில் பேப்பரைப் பிரித்தவுடன் ஆரம்பித்துவிடுவார். "இவனுங்க கையை எடுத்தாப் போதும், நாடு தானா உருப்படும்" என்பார். மேற்குத் தாம்பரத்தில் கதவுக் கீலும் தாழ்ப்பாளும் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. வெளிநாட்டுக் கீல் ஒன்றுகூட உள்ளே வராமல் அந்தக் காலத்தில் தடுத்து வைத்திருந்ததும் அதே அரசாங்கம்தான். அந்தக் கையை மட்டும் அவர் எடுக்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருடைய கோபமெல்லாம் பத்து என்ற எண்ணின் மேல். மோட்டார் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் சட்டப்படி அது ஃபேக்டரி. இன்ஸ்பெக்டர் வருவார், தொழிலாளிகளுக்கு ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும், ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் ஆர்டர் பெருகியது, ஆட்களும் பெருகினார்கள். அப்பா ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு ஷெட்டுக்கு நடுவே குறுக்குச் சுவர் எழுப்பினார். இந்தப் பக்கம் அவர் பெயரில் ஒரு கம்பெனி, ஒன்பது பேர். அந்தப் பக்கம் அம்மா பெயரில் ஒரு கம்பெனி, ஒன்பது பேர். அடுப்படியை விட்டு நகராத என் அம்மா ஒரே நாளில் முதலாளி ஆனாள்.

எங்கள் வட்டாரத்தில் இப்படிச் சுவர் வைத்த பட்டறைகள் வேறும் இருந்தன. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, கெட்டிக்காரத்தனம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். கதவு வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதால் சுவரில் கதவு கிடையாது. அந்தப் பக்கம் போக வேண்டுமானால் தெருவுக்கு வந்து, மூலை திரும்பி, பின் கேட் வழியாகத்தான் போக வேண்டும். தனி கரண்ட் லைன் கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி, அப்பா சுவருக்கு மேலாக ஒயரை இழுத்து அந்தப் பக்கத்து மிஷின்களை ஓட்டினார். மெயின் சுவிட்ச் இந்தப் பக்கத்திலேயே இருந்தது.

நான் அப்போது கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் பட்டறைக்குப் போய் பில் எழுதுவேன். அப்படி ஒரு நாள், அந்தப் பக்கம் தகடு வளைக்கும் பிரஸ்ஸில் ஓர் அண்ணனின் வலது கை மாட்டிக்கொண்டது. மிஷின் பாதியில் இறுகி நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைக்கச் சொல்லி அவர்கள் கத்தியது இந்தப் பக்கத்து மிஷின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவே இல்லை. ஒருவர் தெருவைச் சுற்றி ஓடிவந்து அணைத்தார். அவர் உள்ளே வந்தபோது அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி, அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஈயஸ்ஐ இருந்தா ஆயுசுக்கும் மாசாமாசம் பணம் வருமாமே மொதலாளி. அவருக்குக் கெடைக்காதா?" என்று வாசலில் நின்று கேட்டார். ஒன்பது பேர் கம்பெனிக்கு அது கிடையாது என்று அப்பா பொறுமையாக விளக்கினார். பொய் சொல்லும்போது மட்டும் அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வருமோ!

சில நாளில் ஓர் இன்ஸ்பெக்டர் வரப்போவதாகத் தகவல் வந்தது. இரண்டும் ஒரே பட்டறைதான் என்று அந்த அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கு வழி பிறந்திருக்கும். "சொன்னா நான் ஷெட்டைப் பூட்டிட்டுப் போயிடுவேன், அப்புறம் எல்லாரும் அவன் வீட்லயே போய் சாப்பிடுங்க" என்று அப்பா ஆட்களிடம் சொல்லிவிட்டார். ஆட்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினார்கள். அவருடைய சொந்தத் தம்பியே இந்தப் பக்கத்தில்தான் வேலை செய்தான், அவனும் கெஞ்சினான்.

இன்ஸ்பெக்டர் கேட்டபோது அண்ணன் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "இல்ல சார். அது வேற, இது வேற. நான் அம்மா கம்பெனி." இன்ஸ்பெக்டர் சுவருக்கு மேலே போன ஒயரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்பா அண்ணனை கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைத்தார். அந்த வருஷப் பரீட்சையில், தடையில்லாத சந்தையின் நன்மைகள் பற்றி ஒரு கேள்வி வந்தது. பக்கம் பக்கமாக எழுதினேன், மார்க்கும் நன்றாகவே வந்தது.

அப்பா கேட்ட வரம் தொண்ணூறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. அரசாங்கம் கையை எடுக்க ஆரம்பித்தது. எங்கிருந்தெல்லாமோ கீல்கள் வந்து இறங்கின. பாரிமுனைக் கடைக்காரர்கள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து, "இந்த வெலைக்குத் தர முடியுமா சார்?" என்று கேட்டார்கள். எங்களுக்குத் தகடு வாங்கவே அந்த விலை போதாது. முதலில் அம்மா கம்பெனி நின்றது, பிறகு அப்பா கம்பெனி. எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். வாட்ச்மேனும்தான்.

சிறுதொழில்காரர்கள் சேர்ந்து தாலுகா ஆபீஸ் வாசலில் உண்ணாவிரதம் இருப்பதாக முடிவானது. வெளிநாட்டுச் சரக்கை அரசாங்கம் தடுக்க வேண்டுமாம், எங்களுக்கு உதவ வேண்டுமாம். முன்னால் நின்று ஏற்பாடு செய்தது என் அப்பா. அன்று காலை என்னையும் கூட்டிக்கொண்டு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனார், அவர் வந்து உட்கார வேண்டும் என்று கேட்க.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணனின் மனைவி வாசலை மறித்தார். பெருங்களத்தூரில் புதிதாக வந்த ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்த்துத்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு கவர்மெண்டு உள்ள வரக் கூடாதுன்னு இவர பொய் சொல்ல வெச்சீங்க. இன்னிக்கு அதே கவர்மெண்ட இட்டாற இவுரே வரணுமா?"

போய்விடலாம் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து, "இரும்மே, மொதலாளி நிக்கிறாரு இல்ல" என்று குரல் வந்தது. இடது கையால் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே அவர் எங்களோடு கிளம்பி வந்தார்.

பந்தலில் அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர் வழக்கம்போல வலது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். மத்தியானம் ஜீப் வந்து நின்றது. அப்பா குனிந்து அவர் காதருகில் பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஆபீசர் வர்றாரு. கையைக் கொஞ்சம் வெளியே வெச்சுக்கோப்பா."

அவர் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.