தார் பூசிய பி.எம்.எக்ஸ்.

1999 நவம்பர் 13, சனிக்கிழமை, காலை எட்டு ஐம்பது. குருவிட்ட டவுனில் மழை விட்டிருந்தது. ஆனால் சைக்கிள் கடையின் முன்பக்கத் தகரம் அதை ஒப்புக்கொள்ளாமல் பதினோரு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. என் கையில் குடை, சட்டையின் உள்பையில் மூவாயிரம் ரூபாய், பக்கத்தில் பத்து வயதுப் பேத்தி.

நான் அங்கே நின்றதற்குக் காரணம் என் வாய். அந்த வருடம் ஆடி மாதம் தோட்டத்துக் கோயிலில் கூட்டம் நடந்தது. படித்த மனிதர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் அந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நாலு வார்த்தை என்றால் எனக்கு நாற்பது நிமிடம். கடைசியில் உற்சாகம் மீறி, "எங்க பேத்தி ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணினா நான் பி.எம்.எக்ஸ். சைக்கிள் வாங்கித் தாரேன்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். அறுபது பேராவது இருந்தார்கள்.

இதை நான் யோசிக்காமல் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருடத்தில் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். அப்படியானால் எனக்குச் செலவு வர வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் கை தட்டு வாங்கினேன். பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேல் மூன்று புள்ளி எடுத்துத் தேறிவிட்டாள். அதிபர் சந்தோஷத்தில் அழுதார். நானும் அழுதேன். காரணம் வேறு.

"ஏங்க, அறுபது பேரு கேட்டிருக்காங்க. வாங்கிக் கொடுக்காட்டி நான் இனி எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போறது?" என்றாள் மனைவி.

சைக்கிள் ஆடம்பரத்துக்கு அல்ல என்பதும் உண்மை. ஜனவரியிலிருந்து அவள் இரத்தினபுரியில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நாங்கள் குடியிருந்த மகள் வீட்டிலிருந்து பஸ் வரும் சந்திக்கு இரண்டேகால் மைல், பதினேழு வளைவு. பஸ் ஆறு இருபதுக்கு. அதை விட்டால் அடுத்தது எட்டுக்கு மேல். நடந்தால் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். சைக்கிள் இருந்தால் இறக்கத்தில் பதினைந்து நிமிடம். சைக்கிள் இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அவளுடைய அப்பா, ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மருமகன், முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆக அந்தப் பிள்ளை வாங்கிய மூன்று புள்ளியும் இரண்டு சக்கரத்தின் மேல் நின்றது.

தீபாவளி முடிந்து ஆறு நாள். கையில் இருந்தது மூவாயிரம். வங்கிப் புத்தகத்தில் இன்னும் இருந்தது. ஆனால் அது என் சாவுச் செலவுக்கு. தோட்டத்து மரண உதவிச் சங்கத்திலும் நான் உறுப்பினர்தான். இருந்தாலும் அவர்கள் பெட்டியை மலிவாக வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் தனியாகவும் சேர்த்து வைத்திருந்தேன்.

கடை முதலாளி என்னை நன்றாகத் தெரிந்தவர். "வாங்க கிளாக்கர் ஐயா! பேத்தியா? பாஸாமே, மாஷா அல்லாஹ்! இங்க பாருங்க, மூணு ஈக்கிது" என்று மூன்றை வெளியே உருட்டி விட்டார். சிவப்பு, புத்தம் புதியது, 4,750. கறுப்பு, அதுவும் புதியது, 3,900. மூன்றாவது நீலம், ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான், துடைத்து எண்ணெய் போட்டு நிறுத்தியிருந்தார்கள், 3,200.

பேத்தி சிவப்பின் பின்சக்கரத்தைத் தூக்கி மிதிகட்டையைச் சுற்றிவிட்டாள். சத்தமே இல்லை. நீலத்தையும் தூக்கிச் சுற்றினாள்.

"தாத்தா, இது கரகரங்குது."

"மகள், அது ஜப்பான் சாமான். ஓடிப் பழகின சத்தம் அது" என்றார் முதலாளி.

நான் சத்தத்தை நம்புகிறவன் அல்ல. வீட்டிலேயே ஒரு கொப்பியில் பதினான்கு கேள்வி எழுதி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஒதுக்கிக் கொண்டு வந்திருந்தேன். மொத்தம் நூறு. கைப்பிடி, பிரேக், சங்கிலி, ஆசனம் என்று போகும். சக்கரம் இருபது அங்குலம் இருக்கிறதா என்று அங்குல நாடாவால் அளந்தேன். ரப்பர் மரமும் அடிமரம் சுற்றி இருபது அங்குலம் வந்தால்தான் பால் வெட்டுக்கு எடுப்பார்கள், ஆகவே அந்த எண்ணில் எனக்கு நம்பிக்கை உண்டு. பிறகு நீலத்தின் சக்கரக் கம்பிகளை எண்ணினேன்.

"என்னத்துக்கு ஐயா எண்ணுறீங்க? எல்லா சைக்கிளுக்கும் ரெண்டு ரோதைதான்!"

"மொதலாளி, இந்த முன்ரோதைக்கு முப்பத்தஞ்சு கம்பிதான் இருக்கு. முப்பத்தாறு இருக்கணும்."

அவர் குனிந்து பார்த்தார். அந்தக் கடையில் அதுவரை யாரும் கம்பி எண்ணியதில்லை போலும். குறைந்த கம்பிக்கு ஐம்பது, ஆசனத்தில் கிழிசலுக்கு நூறு, நான் அங்கேயே நாற்பது நிமிடம் நின்றதற்கு இருநூறு, ஆக 2,850க்கு இறங்கினார். என் கொப்பியிலும் நீலம்தான் முதலிடம். அதில் விலைக்கு நாற்பது புள்ளி, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு. வெட்டுப்புள்ளி வைப்பவர்களைப் பற்றித் தோட்டத்தில் நாங்கள் நிறையப் புகார் சொல்வோம். நானும் அன்றைக்கு அதே வேலைதான் செய்தேன்.

"ஒரு பெல்லாவது வாங்கிக் குடுங்க தாத்தா. அறுபது ரூபாதான்."

"ஒனக்கு எதுக்கு பெல்லு? ஒன் வாய் போதாதா?"

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் என் மூச்சு இறங்குவதற்குள் வந்து நின்றார். "சீயா, பைசிகலேட டிகட் தெகய்." தாத்தா, சைக்கிளுக்கு இரண்டு டிக்கெட்டாம். அது ஆசனத்தில் உட்காரவில்லையே என்று நானும் சிங்களத்தில் வாதாடினேன். அப்படியானால் அதை உட்கார வைக்கச் சொன்னார். பஸ் முழுவதும் சிரித்தது. போக வர முப்பத்தைந்து ரூபாய். வீட்டில் மனைவி, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சங்காய் வைத்திருந்தாள். ஆறு ரூபாய். பேத்தி ஏறி, இரண்டையும் நசுக்கி, முற்றத்தைச் சுற்றி வந்தாள். முகத்தில் குறையொன்றும் தெரியவில்லை. சிவப்பை அவள் மறந்துவிட்டாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மறுநாளும் மழை கொட்டியது. எங்கள் பக்கத்து மழையில் இரும்பு மூன்று மாதம் தாங்காது. தோட்டத்தில் மழைக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் ஆட்களுக்குப் பெயர், அதாவது அன்றைய கூலி, இல்லை, கம்பனிக்குப் பாலும் இல்லை. அதற்காக மரத்தில் வெட்டுக்காயத்துக்கு மேலே பொலித்தீனைப் பாவாடை மாதிரி சுற்றி, தார் பூசி ஒட்டுவார்கள். தண்ணீர் காயத்தில் படாது. இதற்கு மழைக்கவசம் என்று பெயர். ஒன்பது வருடமாக எத்தனை கஜம் பொலித்தீன், எத்தனை கிலோ தார் வெளியே போயிற்று என்று பதிந்தவன் நான். இலட்சம் மரத்தைக் காப்பாற்றும் சாமான் ஒரு சைக்கிளைக் காப்பாற்றாதா?

பழைய பழக்கத்தில் தோட்டத்து ஸ்டோரில் மிச்சத் தாரும் துண்டுப் பொலித்தீனும் கிடைத்தன. செலவில்லை. இரண்டு பிற்பகல் முற்றத்தில் உட்கார்ந்து, குழாய் குழாயாகச் சுற்றினேன். மிதிகட்டை சேரும் அச்சு, சக்கர அச்சு, கைப்பிடிக் கழுத்து எல்லாவற்றிலும் பொலித்தீன், இரண்டு ஓரத்திலும் தடிப்பாகத் தார். நீல சைக்கிள் போய், கட்டுப் போட்ட நோயாளி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது.

பேத்தி சுற்றி வந்து பார்த்தாள். பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பால்வெட்டுப் பெண்கள் மரத்துக்குக் கட்டுவதை அவள் நாள்தோறும் பார்க்கிறவள்.

"தாத்தா, மரத்துக்குக் கீழ் பக்கம் தொறந்துல்ல இருக்கும்? நீங்க ரெண்டு பக்கமும் அடைச்சிட்டீங்க."

"ஒன்பது வருசமா இதத்தான் பார்த்தேன் புள்ள. எனக்குச் சொல்லித் தாறியா?"

"பார்த்தீங்களா, எழுதுனீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எழுதினேன். ஒரு மரத்துக்காவது கட்டியதில்லை. ஆபீஸ் ஜன்னலிலிருந்து நாற்பது கஜ தூரத்தில் மரம் நின்றது. இருபத்தெட்டு வருடத்தில் அந்த நாற்பது கஜத்தை நான் கடந்ததில்லை.

நவம்பர், டிசம்பர் முழுவதும் மழை. அவள் தினமும் ஓட்டிப் பழகினாள். கரகரப்பு கூடியது என்றாள். எண்ணெய் விடலாம் என்றாள். கவசத்தைக் கிழித்தால் மறுபடி யார் கட்டுவது என்றேன். தோட்டத்தில் அதற்குள் சைக்கிளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "கிளாக்கர் ஐயா வீட்டு மரம் வருது, வழி விடுங்க!" என்பார்கள். "எத்தனை லீட்டர் பால் கறக்குது ஐயா?" என்று என்னிடமே கேட்டார்கள். நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தைப்பொங்கல் கழிந்து வந்த திங்கட்கிழமை, அவள் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டாவது வாரம், ஒன்பதாம் வளைவில் மிதிகட்டை இறுகி நின்றுவிட்டது, பின்சக்கரமும் சரியாகச் சுற்றவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பிறகு தள்ளவும் முடியாமல் தூக்கிக்கொண்டு, சந்திக்குப் போனபோது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் இரண்டு பாடம் தவறி, வாசலில் நின்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். மாலையில் வந்ததும் சாப்பிடவில்லை. மண்ணெண்ணெய் கேட்டாள். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு போத்தல் வாங்கித் தாரைத் துடைத்தாள், பொலித்தீனை அறுத்தாள். மிதிகட்டை அச்சிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீர் கொட்டியது. ஆசனக் குழாய் வழியாக இறங்கிய மழை, போக வழியில்லாமல் இரண்டு மாதம் அங்கேயே குடியிருந்திருக்கிறது. பிடித்துப் பார்த்தேன், முக்கால் கோப்பை. உள்ளே பேரிங் குண்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் துரு உருண்டையாகிவிட்டன.

"அளந்து முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் பேத்தி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் பாஸ் பண்ண மாட்டேன்னு நெனச்சுத்தானே தாத்தா சைக்கிள் தாரேன்னு சொன்னீங்க?"

"யாரு சொன்னது?"

"பாட்டி."

மனைவி அடுப்பு ஊதுவதில் மும்முரமாக இருந்தாள்.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நான் ரெண்டு மாசத்துக்கு மேல போக மாட்டேன்னு கணக்குப் போட்டீங்களா? அதுக்குத் தக்க மாதிரிதான் வாங்கியிருக்கீங்க."

மருமகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னது ஒரே வரி: "அப்ப அடுத்த மாசத்துலருந்து பழைய பள்ளிக்கூடத்துக்கே போகட்டும் மாமா." குரலில் கோபம்கூட இல்லை. என்னைப் போலவே அவரும் அப்படித்தான் முடியும் என்று எதிர்பார்த்திருந்தார் என்பது அந்தக் குரலில் தெரிந்தது. நான் கோயிலில் போட்ட அதே கணக்கை இன்னொருவர் வாயில் கேட்டபோது அது அவ்வளவு நன்றாக இல்லை.

மறுநாள் வங்கிக்குப் போனேன். எதற்கு எடுக்கிறீர்கள் என்று அங்கே காசு கொடுக்கும் அம்மாள் கேட்டார். சாவுச் செலவுக்கு என்று சொல்லிவிட்டேன், வேறொன்றும் வாயில் வரவில்லை. அந்த அம்மாள் எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்தார்.

சனிக்கிழமை பழைய சைக்கிளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். போகும்போதும் அதற்கு இரண்டு டிக்கெட், வரும்போது புதியதற்கு இரண்டு, எல்லாமாக நாற்பத்தொன்பது ரூபாய். அதே கண்டக்டர். நான் வாதாடவில்லை.

முதலாளி நீலத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். தார் வரிகளைத் தடவிப் பார்த்தார். "ஐயா, சைக்கிள்ல பாலா வெட்டினீங்க?" பட்டறைப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். அதோடு விடவில்லை, எதிர்க் கடைக்காரரையும் கூப்பிட்டார். அரைமணி நேரம் அந்தத் தெருவே என் கைவேலையைப் பார்த்துப் போனது. திருத்தலாமா என்று கேட்டேன். திருத்தும் காசுக்கு இன்னொரு நீலம் வாங்கலாம் என்றார். பழைய இரும்பாக நானூற்றைம்பது தருவதாகச் சொன்னார். சிவப்பு இப்போது 5,100 ஆகியிருந்தது.

"நவம்பர்ல 4,750 சொன்னீங்களே மொதலாளி!"

"நவம்பர்ல வாங்கியிருக்கலாமே ஐயா."

கொப்பியை நான் கொண்டு போகவில்லை. பேத்தி சிவப்பின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினாள், காதை வைத்துக் கேட்டாள், தலையை ஆட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒரு பெல்லும் போடுங்க" என்றேன். அறுபதாக இருந்தது அறுபத்தைந்து.

"எதுக்கு தாத்தா? என் வாய் இருக்கே."

"அது எனக்கு வேணும்" என்றேன். அவள் அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த மணியை அடித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடுவாரோ என்று எனக்கு ஒரு பயம்.

அந்தச் சிவப்பில் அவள் ஐந்து வருடம் சந்திக்குப் போனாள். எண்ணெயை அவளே விட்டாள். மழை பெய்தால் ஒரு பழைய துணியால் துடைத்தாள், அவ்வளவுதான். நான் தொடக்கூடாது என்பது மட்டும் வீட்டுச் சட்டம். நவம்பரிலேயே அவள் கேட்டதை வாங்கிக் கொடுத்து, பெல்லும் எலுமிச்சங்காயும் பஸ் காசும் சேர்த்திருந்தால் 4,851 ரூபாயோடு முடிந்திருக்கும். என் பதினான்கு கேள்வியோடும் மழைக்கவசத்தோடும் அது முடிந்தது 7,667 ரூபாய்க்கு.